நினைப்பை விட்டால் முகம் அழியுமா

சோம்பேறி என்று எவள் சொன்னாள்? கீழ்வீட்டுக்காரிதானே? மாமியார் கையால் தின்றுவிட்டுக் கட்டிலைத் தேய்க்கிறாராம். என் மாப்பிள்ளை கண்ணாடி அறுக்கிறவர். அவள் வீட்டு ஜன்னல் முதற்கொண்டு இந்தத் தெருவில் பாதி அவர் கைவேலை. என் மகள் போன பிறகுதான் கடையைப் பூட்டினார். இரண்டு வருஷமாகிறது.

துக்கம் எனக்கும் உண்டு, பெற்றவள் நான். அவருடையது வேறு. கண்ணாடியில் கட்டரை வைத்தால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். அப்போது மனசில் வேறெதுவும் இருக்கக்கூடாது. அவருக்கு அதுதான் பயம்.

“நான் நெனைக்கிறதை விட்டா அவ முகம் அழிஞ்சிடும் அத்தை. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன்,” என்றார்.

“பால்காரனோட சண்டை போடறப்ப எனக்கு அவ நெனப்பே வர்றதில்ல மாப்பிள்ளை. அதுக்காக என் பொண்ணு இல்லாம போயிட்டாளா?”

“நீங்க பெத்தவங்க. உங்களுக்குப் போகாது.”

பேசப் பேச இன்னும் சுருண்டுகொண்டார். விட்டுவிட்டேன்.

ஒருநாள் காற்றில் சமையலறை ஜன்னல் உடைந்தது. அவரிடம் கேட்க மனம் வராமல் வேறு ஆளைக் கூப்பிட்டேன். வந்தவன் போட்ட கோட்டின்மேலேயே மறுபடி இழுத்தான். கண்ணாடி தாறுமாறாக விரிசல் விட்டது.

“யோவ்! கோட்டு மேல கோடு போடுவாங்களா? இது என்ன கோலமா?” கட்டிலிலிருந்து ஒரு சத்தம். எழுந்து வந்து கட்டரைப் பிடுங்கினார். வேறொரு துண்டை அளந்து, இழுத்து, தட்டி, ஜன்னலில் பொருத்தியும் விட்டார். பிறகு முகம் வெளுத்தது.

“அத்தை, இவ்வளவு நேரம் நான் அவளை நெனைக்கவே இல்ல.”

கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருக்கா,” என்றார். “மூக்கைச் சுருக்கிட்டு நிக்கிறா. கண்ணாடித் தூளை யார் கூட்டுறதுங்கறா.” தரையில் உட்கார்ந்து அழுதார். வந்தவன் கூலியும் கேட்காமல் நழுவிவிட்டான்.

ஒரே நாளில் சரியாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ரேடியோவில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்பார், கண்ணை மூடித் தேடுவார். அடுத்த வீட்டாரோடு பேசிவிட்டு வந்து தேடுவார். ஒவ்வொரு தடவையும் என் மகள் இருந்தாள். சில நாள் கோபமாகக்கூட இருந்தாளாம்.

ஒரு காலையில் சட்டை போட்டுக் கடைச் சாவியை எடுத்தார். வாசலில் தயங்கினார்.

“சாயங்காலம் வரைக்கும் நெனைக்காமலே இருந்துட்டா அத்தை?”

“இருந்துட்டுதான் வாங்களேன்,” என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.