யாருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள்?

மலேரியாவுக்குக் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் நாள், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண்ணும் மஞ்சளாகியிருந்தது. பட்டாபிராமில் எங்கள் தெருவே கூடி, மஞ்சள் காமாலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

திருவேற்காட்டிலிருந்து அக்கா கீழாநெல்லியோடு வந்து இறங்கினாள்.

"மாத்திரைய தூக்கி கடாசுடா. ஈரல் வெந்துகினு கீது உனுக்கு," என்றாள்.

நிறுத்தினேன். அவள் சொன்ன காரணம் தப்பு, சொன்ன காரியம் சரி என்று பிறகுதான் தெரிந்தது. கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்று இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மறுநாள் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சேர்த்ததும் அவசரமாக ரத்தம் ஏற்றினார்கள். சிவப்பணுச் சிதைவு (சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்துபோவது) என்றார்கள். அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாத பிறவிக் குறையாக இருக்கலாம் என்று, வீடு திரும்பும் முன் ஜி6பிடி (சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் நொதி) சோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு, சரியான அளவு என்று வந்தது. எனக்குத் தலை சுற்றியது. குறை இல்லையென்றால் அந்த மாத்திரையை மறுபடி போட வேண்டும்; போடாவிட்டால் ஈரலில் பதுங்கியிருக்கும் மலேரியாக் கிருமி திரும்பலாம். குறை இருந்து போட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தநோய் மருத்துவரிடம் ஓடினேன்.

"நார்மல்னுதானே போட்டுக்கீது டாக்டர்? மாத்திர போட்லாமா, வாணாமா?"

"இப்ப வேண்டாம். உங்க அணுக்கள் நிறைய உடைஞ்சுபோச்சு. ஏத்தின ரத்தம்தான் இன்னும் ஓடுது. லேப்ல அளந்தது பெரும்பாலும் அதைக் கொடுத்தவரோட நொதியை. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"அப்ப நான் எங்க கீறேன்?"

சிரித்துவிட்டார். "எலும்பு மஜ்ஜையில. கொஞ்சங்கொஞ்சமா வருவீங்க."

அந்த மூன்று மாதமும் ஒரே குழப்பம்தான். அம்பத்தூர் கம்பெனியில் வேலையில் நிற்கும்போது லேசாகக் குளிரினாலும், மலேரியா திரும்பிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கோபம் வந்தால் இது என் கோபமா, ரத்தம் கொடுத்தவருடையதா என்று யோசிப்பேன்.

"இன்னாய்யா, ரத்தம் குடுத்தவரு ரொம்ப கோவக்காரரோ?" என்று மனைவியும் சீண்டுவாள்.

இதே சோதனைக்குப் போகிறவர்கள், ரத்தம் ஏற்றியிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் சோதனையில் நொதி மிகக் குறைவு என்று வந்தது. தினம் போடும் மாத்திரை இனி எனக்குக் கிடையாது. வாரம் ஒருமுறை, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். மனைவி அழுதாள். எனக்கோ, நான் திரும்பி வந்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் உறைத்தது. நான் வந்துவிட்டேன் என்றால், ரத்தம் கொடுத்தவர் என் உடம்பிலிருந்து போய்விட்டார். என்னைப் பிழைக்க வைத்தவரின் கடைசி அணு எந்த நாளில் அழிந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.