மகளின் பெயருக்கு மூன்று நாடுகளின் சம்மதம்

எனக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் பிறந்த மகளின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நான் வட்ஸ்அப்பில் விசாரித்தேன். அலுமாரி நிறைய அகராதி அடுக்கி வைத்திருக்கிறவன் செய்த காரியம் இது. இதைவிட வெட்கக்கேடாக வேறொன்று செய்த ஞாபகம் இல்லை.

பெயரில் சண்டை இல்லை. மனைவி சொன்ன பெயர்தான், எனக்கும் பிடித்திருந்தது. பிறப்பைப் பதியும்போது ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதில்தான் வினை வந்தது. மனைவிக்கு ஆறு எழுத்தோடு முடிய வேண்டும். அவளுடைய சொந்தப் பெயர் ஆங்கிலத்தில் வேலி மாதிரி நீண்டுகொண்டே போகும்.

“சோதினையிலை நான் பேரை எழுதி முடிக்க, மற்றப் பிள்ளையள் முதலாம் கேள்வியை முடிச்சிடுவினம். என்ரை பிள்ளைக்கு அந்தக் கரைச்சல் வேண்டாம்” என்றாள்.

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குப் போதவில்லை. வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரருக்கு எங்கள் தீவில் ஆயுட்காலப் பதவி ஒன்று உண்டு: எல்லாம் தெரிந்தவர். அப்படி மூன்று பேரைக் கேட்டேன்.

பாரிஸிலிருந்து அத்தான், “எச் போடாதையும். இஞ்சை ஒருத்தரும் அதை வாசியாயினம்” என்றார். ஜேர்மனியில் இருக்கிற அண்ணைக்கு ஜே ஆகவில்லை. அங்கே அதை ‘ய’ என்றுதான் வாசிப்பார்களாம். பனிக்குள் இருந்தபடி எண்சோதிடம் கற்றுக்கொண்ட கனடா மச்சான், கடைசியில் இன்னுமொரு ஏ போட்டால் கூட்டுத்தொகை அமோகம் என்றார். பால்குடிப் பிள்ளைக்கு விசா அதிகாரியின் நாக்கை அளந்து பெயர் தைக்கிற சனம் நாங்கள். எங்கள் ஊர் நாரந்தனையில் அவளைக் கூப்பிடப்போகிற எவருக்கும் ஆங்கில எழுத்தே தேவையில்லை என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மூன்று பேரையும் ஒரே அழைப்பில் ஒன்றாகப் பிடிப்பதற்காக மோட்டார் சைக்கிளில் சாட்டிக் கடற்கரைக்குப் போனேன். குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்த சனத்துக்கு முன்னால், சப்பாத்தோடு மணலில் நின்று ஒற்றை எச்சுக்காக வாதாடினேன். கடைசியில் அத்தானும் மச்சானும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். தொலைபேசியை அணைத்தேன். திரும்பி வருகிற வழியில் எனக்குப் பெருந்தன்மை வந்தது.

மனைவி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உம்மடை விருப்பப்படி ஆறு எழுத்துத்தான். நான் முடிவெடுத்திட்டன்” என்றேன்.

“நீங்கள் அங்காலை போக, நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவிலை போய்ப் பதிஞ்சிட்டன்.” அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “ஆறு எழுத்துத்தான்.”

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த பெருந்தன்மையை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

“அப்ப அவை மூண்டு பேருக்கும் என்ன சொல்லுறது?”

“ஒண்டும் சொல்லாதேங்கோ. அங்கை கதைக்க ஆளில்லாமல் இருக்கினம், பாவம். பொழுது போகட்டும். நீங்களும் கூட இருந்து கதையுங்கோ.”