திண்டிவனத்தில் நின்ற விமானம்

சனிக்கிழமை சாயங்காலம் விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கி அப்பா வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு முன்னால் ஒரு வாடை நுழையும். மண்ணெண்ணெய் போலத்தான், ஆனால் அதைவிடக் கூர்மையாகத் தொண்டையைக் கரிக்கிற விமான எரிபொருள் வாடை. அவருடைய சட்டைகளை அம்மா குச்சியால் தூக்கித் தனி வாளியில் போடுவாள். சென்னை விமான நிலையத்தில் அப்பா எஞ்சின் மெக்கானிக். இரண்டு விசிறி வைத்த ஒரு பயணிகள் விமானம் அவர் பொறுப்பில் இருந்தது. அதை அவர் "நம்ம ப்ளேன்" என்பார். அம்மா "அந்தச் சனியன்" என்பாள். நான் அம்மா கட்சி.

அது புதிதாக வந்திறங்கிய வருடம்தான் அப்பாவும் வேலைக்குச் சேர்ந்தாராம். அப்போது கோட்டுக்காரர்களும் பட்டுப்புடவைக்காரிகளும் அதில் கொழும்புக்குப் பறந்தார்கள். ஜெட் விமானங்கள் வந்ததும் அதை மதுரை, திருச்சி என்று சின்ன ஓட்டத்துக்குத் தள்ளினார்கள். பிறகு இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுத் தபால் மூட்டை ஏற்றினார்கள். மவுசு குறையக் குறைய அதற்கு ரிப்பேர் கூடியது. ரிப்பேர் கூடக்கூட அப்பா வீட்டுக்கு வருவது குறைந்தது.

தம்பி மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா மளிகைக் கடை போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார். "எஞ்சினப் பிரிச்சிப் போட்டுக்கினு கெடக்கறேன், மூடாம எப்பிடி வர்றது?" என்றாராம் அப்பா. அவர் வந்து சேர்ந்தபோது தம்பி பிழைத்திருந்தான். இடது காது போயிருந்தது. அம்மா அழவில்லை. "எஞ்சின் பொழச்சிதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் எங்கள் வழியாகத்தான். "ஒங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்பாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு வழியாக விமானத்தை ஓரங்கட்டினார்கள். அப்பாவும் வேலையை விட்டுவிட்டு வந்தார். சனியன் ஒழிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த நேரத்தில், அதை ஏலத்தில் எடுத்த ஒருவர் இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, திண்டிவனத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் நிறுத்தி "ஏரோப்ளேன் ஓட்டல்" ஆக்கிவிட்டார். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். கேள்விப்பட்டதும் அப்பா கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாளே அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நாங்கள் போனபோது அப்பா ஒரு மல்லாட்டைக் கடலை வியாபாரியின் குடும்பத்திடம் கொழும்புப் பயணங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருநாளும் பார்த்திராத அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. அம்மா விறுவிறுவென்று படியேறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள்.

"யோவ், இங்க வா. இத்தினி வருஷமா இதுக்கு ஊழியம் பண்ணிக்கினு இருந்த. இன்னிக்கு எனக்குப் பண்ணு. ஒரு காப்பி கொண்டா."

"ஜனங்க பாக்கறாங்க. பேஜாரு பண்ணாத," என்றார் அப்பா.

"பாக்கட்டும். ப்ளேன் கதையச் சொல்றியே, இவன் காது கதையையும் சேத்துச் சொல்லு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். அம்மா அதைத் தொடவேயில்லை. ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினாள். அப்பா மறுநாளும் அங்கேதான் வேலைக்குப் போனார். ஆனால் கதை சொல்வதை விட்டுவிட்டு, கதவைத் திறந்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டாராம்.

அப்பா இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. சாலையை அகலப்படுத்தியபோது விமானத்தை வெட்டிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். போன மாதம் அம்மாவைக் காரில் சென்னைக்கு அழைத்து வந்தேன். திண்டிவனம் தாண்டியதும் அவள் கண்ணாடியை இறக்கி வெளியே தேடினாள்.

"எங்கடி அது?"

"ஒடச்சி வித்துட்டாங்கம்மா."

"யாரக் கேட்டு ஒடச்சாங்க?"