ஐந்தாவது வாக்கியம்

ஸ்பானிய மொழியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது எதிர்காலம் மட்டும்தான். வினைச்சொல்லை முழுசாக அப்படியே வைத்துக்கொண்டு, வாலில் ஆறு ஒட்டுகளில் ஒன்றைச் சேர்த்தால் போதும். பேசுவதற்கு அப்லார். அப்லாரே என்றால் நான் பேசுவேன், அப்லாராஸ் என்றால் நீ பேசுவாய், அப்லாரா என்றால் அவள் பேசுவாள். சாப்பிடுவதற்கும் வாழ்வதற்கும் அதே ஒட்டுகள்தான். சுலபம் என்பதால் தங்கைக்கு அதிலிருந்தே ஆரம்பித்தேன்.

ஸ்பெயினுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல். தோணியும் ஆட்களும் அவர் பொறுப்பு. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது ஒரு புயலில் ஒன்பது நாள் அந்தத் தோணியைப் பற்றித் தகவலே இல்லை. அவர் உயிரோடு வந்தால் பெண்களில் ஒருத்தியைக் கன்னியர் மடத்துக்குக் கொடுப்பதாக அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா வந்துவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்பெயின் மடம் ஒன்றிலிருந்து சிஸ்டர்கள் எங்கள் கடற்கரைக்குப் பெண்கள் தேடி வந்தார்கள். நான் துள்ளிக் குதித்துப் பெயர் கொடுத்தேன். அவர்கள் தந்த இலக்கணப் புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலம். ஆறே மாதத்தில் பாதியைக் கரைத்துக் குடித்தேன். பிறகு பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் பழைய தழும்பு இருக்கிறது, இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேர்ச்சை மட்டும் அப்படியே நின்றது. அம்மா தங்கையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் உட்காரவைத்துப் பாடம் சொன்னேன். அவளுக்கு நாக்கு புரளவில்லை, எனக்குப் பொறுமை இல்லை. தப்பு விட்டால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று வைப்பேன்.

"எக்கா, நாளைக்குச் செய்யப்போறதயே சொல்லித்தாரியே, நேத்து நடந்தத எப்பம் சொல்லித்தருவ?"

"அத அங்கன போயி படி."

அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. நோட்டைத் திறக்காமலே என் கையைப் பிடித்தாள்.

"எனக்குப் போவ மனசில்லக்கா. நான் சொன்னா அம்மா அழுவா. நீ அப்பாட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பாவ."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஏங்கிக் கிடந்ததை இவள் வேண்டாம் என்று தள்ளுகிறாளே என்று வயிறு எரிந்தது. "மொதல்ல எழுது. சொந்தமா அஞ்சு வாக்கியம்," என்றேன்.

எழுதினாள். நான் மீன் சாப்பிடுவேன். நீ தூங்குவாய். அம்மா பாடுவாள். நாங்கள் கடிதம் எழுதுவோம். ஐந்தாவதாக, மி எர்மானா அப்லாரா கோன் பப்பா. என் அக்கா அப்பாவிடம் பேசுவாள்.

நான் படிக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒட்டுகள் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. ஐந்துக்கும் சிவப்பு மையில் சரி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ரயிலேறும்போது அவள் அழவில்லை. அம்மாதான் அழுதாள். புத்தகத்தைக் கொண்டுபோனவள் நோட்டை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மாதம் ஒரு கடிதம் வரும். சுகம், எல்லோருக்காகவும் செபிக்கிறேன் என்று இருக்கும். அம்மாவுக்கு நாலு வரி, அப்பாவுக்கு நாலு வரி. எனக்கென்று ஒரு வரி வந்ததில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

நாலைந்து வருடம் கழிந்து, அப்பா தோணியை விட்டு வீட்டோடு இருந்த காலம். ஒருநாள் அவள் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அதை வாங்கி மடித்து வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"சின்னவ எழுத்துல ஒரு சிரிப்பில்ல, பாத்தியாளா? அவளுக்குப் போவ மனசில்லன்னு அன்னைக்கே யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன். மாதா என்ன, கோவிச்சுக்கிடவா போறா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நோட்டு உள்ளே என் பெட்டியில்தான் இருந்தது. நான் அன்றும் பேசவில்லை.