நான்காவது இடம் ஸ்கோப்புக்கு

ஷேல் ரன் துப்பாக்கிச் சங்கத்தின் கருவிப் பட்டியலைப் பதினெட்டு ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். வெல்டா புகாச்சுக்கு நடந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போட்டி முடிந்ததும் முதல் பத்துப் பேரின் பெயர்களை எழுதி, எதிரே அவர்கள் வைத்திருந்த ஸ்கோப் (துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி), குழல், வெடிமருந்து, குண்டு எல்லாவற்றையும் குறித்துச் சுவரில் ஒட்டுவேன். வென்றது யார் என்று பார்ப்பவர்கள் குறைவு. எதை வைத்து வென்றார் என்று பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும். ஒரு வருடம் முதலிடம் பெற்ற பல் மருத்துவர், தன் துப்பாக்கியின் பின்பக்க மணல் பை மனைவியின் பழைய பூட்ஸ் தோலில் தைத்தது என்று எழுதிவைத்தார். ஒரே மாதத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்களில் பாதிப் பேர் பூட்ஸ் இல்லாமல் பனிக்காலத்தைச் சந்தித்தார்கள். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் கற்பித்த நான் அந்தப் பட்டியலைத் தவறாமல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் விளையாட்டில் ஓட்டமும் இல்லை, வேட்டையும் இல்லை. சிமெண்ட் மேசையில் மணல் பைகள்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, நூறு கஜத்திலும் இருநூறு கஜத்திலும் இருக்கும் காகிதத்தில் ஐந்து குண்டு சுட வேண்டும். நடுவில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தால் போதும். கொத்து எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அதனால் ஸ்கோப்பிடம் நாங்கள் கேட்பதும் ஒன்றுதான்: சுட்ட அதிர்ச்சியில் அதன் உள்ளே இருக்கும் குறுக்குக்கம்பி இம்மியும் நகரக் கூடாது.

வெல்டா முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மலைச்சரிவில், பனிமூட்டத்தில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்காதவள். கணவன் ஸ்டான் சுடும்போது அவள் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, களத்தில் நட்டிருக்கும் காற்றுக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருடம் அப்படிப் பார்த்தாள். ஸ்டான் மாரடைப்பில் போனபின் படகை விற்றாள், பனிவண்டியை விற்றாள், துப்பாக்கியை மட்டும் விற்கவில்லை. அதன்மேல் இருந்த நல்ல ஸ்கோப்பை ஸ்டானின் தம்பி "நினைவுக்காக" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த ஒரு பழைய ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு சுடத் தொடங்கினாள். அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது.

போன ஆகஸ்டில் அதை வைத்தே சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றாள். எங்கள் களத்தில் அதுவரை யாரும் அவ்வளவு சின்னக் கொத்து சுட்டதில்லை. கடைசிக் குண்டு போனதும் பதினைந்து ஆண்கள் அவள் மேசைக்கு ஓடினார்கள். அவளிடம் அல்ல, ஸ்கோப்பிடம்.

"இந்த நசுங்கல் இருக்கே, வேணும்னே பண்ணதா?" என்றார் ஒருவர், விரலால் தடவியபடி.

"பாத்துப்பா, வலிக்கப் போகுது அதுக்கு," என்றாள் வெல்டா.

ஒருவர்கூட அவள் கையைக் குலுக்கவில்லை. நான் பட்டியல் படிவத்தை நீட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய ஸ்கோப் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு பேர் புது ஸ்கோப்பை வாங்கிச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டார்கள்.

அக்டோபரில் மாநிலப் போட்டி. சங்கத்துக்கு நால்வர் அணி. அணித்தலைவர் மெர்ல் ஸ்டைனர், ஆறடி மூன்று அங்குலம், டிராக்டர் வியாபாரி. நான்காவது இடம் காலியாக இருந்தது. ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றவருக்கு அதைக் கொடுப்பதுதான் வழக்கம். வெல்டா அந்த இடத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தவள். மெர்ல் அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டைகளை வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். மெர்ல் உட்கார்ந்ததும் ஒரு தட்டைத் தானே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெல்டா, சங்கம் ஒரு முடிவு பண்ணியிருக்கு. நாலாவது இடம் உன் ஸ்கோப்புக்குத்தான்."

"எனக்கா?"

"ஸ்கோப்புக்கு. சுடறது நம்ம ரோட்னி." ரோட்னி மெர்லின் மருமகன்.

வெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் மெர்ல், பஸ்ஸு பள்ளத்துல விழாம போச்சுன்னா ஸ்டியரிங்குக்கா மெடல் குடுப்பீங்க?"

"கோவிச்சுக்காதே தாயே. நீ ஒரு தடவை ஜெயிச்சே. அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோ. ஸ்கோப்புக்கு அதிர்ஷ்டம் கெடையாது, அது பொருள்."

"அந்தப் பொருள் பொய் சொல்லும் மெர்ல். மொத ரெண்டு குண்டுக்கு இடப்பக்கம் தாவும். அப்புறம்தான் ஒழுங்கா நிக்கும். அதனால நான் ரெண்டு குண்டை காகிதத்துல கீழ இருக்கற, கணக்குல வராத சோதனை வட்டத்துல சுட்டு அதைச் சமாதானம் பண்ணிட்டு, தாமதிக்காம அஞ்சையும் சுடுவேன். கொஞ்சம் நின்னாலும் மறுபடி தாவும்."

மெர்ல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீங்களா சார், குடுக்க மனசு இல்லை."

நான் சும்மா இருக்கவில்லை. சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றேன். ஒரே துப்பாக்கியில் இரண்டு ஸ்கோப்பை அருகருகே பூட்டும் இரும்புச் சட்டம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே புள்ளியில் நிறுத்திச் சுட வேண்டும். சுட்டபின் ஒன்றைப் புள்ளிக்குக் கொண்டுவந்து மற்றதில் பார்த்தால், அதுவும் அங்கேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று நகர்ந்துவிட்டது. எது என்று தெரிந்துகொள்ள மூன்றாவது ஒன்று வேண்டும்.

சனிக்கிழமை காலை சங்கமே களத்தில் கூடியது. வெல்டாவின் ஸ்கோப், மெர்லின் புது ஸ்கோப், என்னுடையது. வெல்டாவுடையதையும் மெர்லுடையதையும் பூட்டினேன். முதல் குண்டிலேயே இரண்டுக்கும் சண்டை, ஆளுக்கொரு இடத்தைக் காட்டின. வெல்டாவுடையதையும் என்னுடையதையும் பூட்டினேன். மறுபடி சண்டை. மெர்லுடையதையும் என்னுடையதையும் பூட்டிப் பத்துக் குண்டு சுட்டேன். இரண்டும் அசையவே இல்லை.

"ஆக எது நகருது?" என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டேன்.

"நம்ம ரெண்டும்தான்," என்றார் மெர்ல்.

"எப்படி?"

"ரெண்டும் ஒரே மாதிரி நகருது. அதான் உங்களுக்குத் தெரியலை."

"பத்துக் குண்டுக்கும் ஒரே மாதிரியா? நம்பற மாதிரி இருக்கா?"

"ரெண்டு பேர் ஒண்ணா சொன்னா அது உண்மைங்கறீங்க. இங்க பத்தொம்பது பேர் ஒண்ணா சொல்றோம், ஒத்துக்க மாட்டேங்கறீங்க. உங்க அறிவியல் ஒரு பக்கமாத்தான் வேலை செய்யுமா?"

பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். கையெண்ணிக்கையை உண்மை என்று நினைக்கும் மனிதர்கள் எனக்குப் புதிதல்ல. நான் சட்டத்தைக் கழற்றத் தொடங்கினேன். வெல்டா முன்னால் வந்தாள்.

"சரி, எடுத்துக்கோங்க," என்றாள். "நான் தனிநபர் பிரிவுல சுடறேன். அதுக்கு எனக்கு ஒரு ஸ்கோப்பு வேணும்."

என்னுடையதை எடுத்துத் துப்பாக்கியில் வைத்துத் தராசில் ஏற்றினாள். அவள் சுடும் பிரிவில் பத்தரைப் பவுண்டுக்குமேல் அனுமதி இல்லை. என்னுடையது இரண்டு அவுன்சு கூடுதல் காட்டியது. மெர்லுடையதை வைத்தாள். சரியாக உள்ளே வந்தது.

"நகராது, கனமும் இல்லை. இதைக் குடு மெர்ல்."

"தாராளமா வெச்சுக்கோ. எனக்கு அது ராசியே இல்லை." இனி தானும் ஒரு நசுங்கல் ஸ்கோப்பைத் தேடிப்பிடித்து அதில்தான் சுடப்போவதாக மெர்ல் எல்லோருக்கும் அறிவித்தார்.

ஸ்கோப் தேர்வு என்பது இவ்வளவுதான். அசையுமா என்று பார், எடை பார், முடிந்தது. இதை அந்த இடத்தில் ஒருத்திதான் செய்தாள்.

மாநிலப் போட்டி அன்று காற்று திசைமாறி வீசிக்கொண்டே இருந்தது. தொடங்குவதற்கு முன் வெல்டா ரோட்னியிடம் போனாள்.

"தம்பி, மொத ரெண்டு குண்டைக் கீழ சுட்டுடு. அப்புறம் நிக்காம சுடு."

"மாமா சொல்லிட்டாரு, நீங்க கொழப்பப் பாப்பீங்கன்னு," என்றான் ரோட்னி, சிரிப்பு மாறாமல்.

அவன் நேராகப் போட்டி வட்டத்தில் சுட்டான். முதல் இரண்டு ஓட்டை இடப்பக்கம் தள்ளி மாமியார் வீட்டில், மற்ற மூன்றும் ஒன்றாக அம்மா வீட்டில். அடுத்த காகிதமும் அப்படியே. இருநூறு கஜத்தில் மாமியார் வீடு இன்னும் தூரம் போனது. எங்கள் அணி பதினான்கில் பதினோராவது.

நான்கு மேசை தள்ளி வெல்டா உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கக் கொடிகள் சாயும்வரை விரல் அசையாது. சாய்ந்ததும் ஐந்து குண்டும் மூச்சு விடுவதற்குள் போய்விடும். தனிநபர் பிரிவில் மாநிலத்தில் முதலிடம். அவள் கணக்கு எங்கள் அணியில் சேர்ந்திருந்தால் கோப்பை எங்களுக்கு. அளவு பார்க்கும் மேசையில் நானே கூட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை.

மெர்ல் ஓடிவந்தார். ஒருவேளை மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"பாத்தியா!" என்று கத்தினார். "என் ஸ்கோப்பு! என் ஸ்கோப்புதான் ஜெயிச்சது! ரோட்னி, வாடா இங்க! நான் அப்பவே சொல்லலை, இது நல்ல ஸ்கோப்புன்னு?"

"ராசியே இல்லைன்னீங்களே மாமா," என்றான் ரோட்னி.

வெல்டா ஸ்கோப்பைக் கழற்றி மெர்லின் கையில் கொடுத்தாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள். "அந்தப் படிவத்தைக் குடுங்க சார்."

நின்றபடியே நிரப்பினாள். ஸ்கோப்: வெல்டா புகாச். குழல்: வெல்டா புகாச். மருந்து: வெல்டா புகாச். குண்டு: வெல்டா புகாச். மணல் பை: வெல்டா புகாச்.

பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு படிவத்தை மனமார ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை ஒஹாயோவிலிருந்து ஒருவர் சங்கத்துக்குப் போன் செய்தார்.

"அந்த வெல்டா புகாச் ஸ்கோப்பு எங்க கெடைக்கும்? எடை எவ்ளோ?"

"கேட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டேன். எடையைக் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

பனிக்காலக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவந்தேன். கருவிப் பட்டியலை ஒழிக்க வேண்டும் என்ற முதலாவது பத்தொன்பதுக்கு மூன்று என்று தோற்றது. அணியில் இடம் பெயருக்கு மட்டுமே தரப்படும், பொருளுக்கு அல்ல என்ற இரண்டாவது ஒரே ஒரு ஓட்டில் வென்றது. அந்த ஓட்டு ரோட்னியுடையது.

மார்ச்சில் அணிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். நான்காவது பெயர் வெல்டா புகாச். அதன் பக்கத்தில் மெர்ல் பென்சிலால் 'ஸ்கோப் உட்பட' என்று சேர்த்திருந்தார்.

வெல்டா பென்சிலை வாங்கி அதை அடித்தாள். மெர்ல் பதறிப்போனார்.

"அப்ப எதை வெச்சு சுடுவே?"

"உன்னோடதை வெச்சுத்தான். அது நல்ல ஸ்கோப்பு மெர்ல், நான் எப்பவாவது இல்லைன்னு சொன்னேனா?" என்றாள். "ஆனா அது அணியில ஒரு ஆளா சேராது, அவ்ளோதான். நீ தூக்கிட்டு வா."