நாளைய காற்றை இன்றே எழுதியவன்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தொண்ணூறு மீட்டர் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவன். முப்பத்தொரு வருடம் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். எங்கள் வட்டாரத்தில் என் கால் படாத கோபுரம் ஒன்று இருக்குமானால், அது நான் ஓய்வு பெற்ற பிறகு நட்டதாகத்தான் இருக்கும். முழங்கால் இனி முடியாது என்று கைவிரித்தபோதும் நான் மூலையில் முடங்கவில்லை. ஏறாமலே உயரத்தைப் பார்க்கிற தொழில் எது என்று விசாரித்து, டிரோன் ஒன்றை வாங்கினேன். இன்றைக்குத் தொழிற்சாலைக் கூரையோ புகைபோக்கியோ தண்ணீர்த் தொட்டியோ, எதில் விரிசல் விட்டாலும் படம் எடுத்துக் காட்ட எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் என் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பெருமை அந்தப் பலகையோடு சரி. வேலை நடக்கும் இடத்தில் நான் என் மருமகளுக்குக் கீழே வேலை பார்க்கிறேன்.

டிரோன் ஓட்ட உரிமம் வேண்டும். உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு உண்டு. நான் போய் உட்கார்ந்தேன், என் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன், எழுந்து வந்துவிட்டேன். மருமகள் அப்படி இல்லை. இடுப்பில் குழந்தை, சமையலறை மேடையில் விரித்த புத்தகம் என்று இரண்டு வருடம் படித்து உரிமத்தை வாங்கினாள். ஆக அவள் பைலட். நான் பார்வையாளர்.

பார்வையாளர் என்றால் வேடிக்கை பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பைலட்டின் கண் கையிலுள்ள திரையில் இருக்கும். அதனால் பார்வையாளரின் கண் டிரோனை விட்டு அகலக் கூடாது. கம்பி நெருங்கினால் "கம்பி". பறவை வந்தால் "பறவை". நிறுத்த வேண்டுமென்றால் "நில்". மொத்தம் மூன்று சொல். டிரோன் தரையைத் தொடும்வரை வேறு ஒரு சொல்லும் யாரிடமும் பேசக் கூடாது. இது விதி.

"மூணே வார்த்தையா? உங்களுக்கா?" என்று என் மனைவி அன்று சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இன்னொரு பொறுப்பும் என்னிடம் இருந்தது. பறப்புப் பதிவேடு. ஒவ்வொரு முறை இறங்கியதும் எந்த பேட்டரி, எத்தனை நிமிடம், காற்று என்ன வேகம், சம்பவம் ஏதும் உண்டா என்று எழுதியாக வேண்டும். எனக்கு எழுத்து மெதுவாக வரும். ஆனால் முத்து முத்தாக வரும். கொளுத்தும் வெயிலில் வண்டியின் பானெட்டில் வைத்துக் கிறுக்குவது என் கையெழுத்துக்கு நானே செய்யும் துரோகமாகப் பட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்து, வரப்போகும் வாரம் முழுவதையும் எழுதி முடித்துவிடுவேன். காற்று: மணிக்கு எட்டு கிலோமீட்டர். சம்பவம்: எதுவும் இல்லை. என் பதிவேட்டில் காற்று எட்டைத் தாண்டியதே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தை நீட்டினால் மருமகள் அடியில் கையெழுத்துப் போடுவாள். வேலையை முன்கூட்டியே முடிக்கிற சுறுசுறுப்பு இந்த வயதில் யாருக்கு வரும் என்று எனக்கு மிதப்பு வேறு.

அந்தப் புதன்கிழமை ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். கூரையையும் புகைபோக்கியையும் படம் எடுக்க வேண்டும். புகைபோக்கியை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் தரைவரை வந்திருந்தன. மெல்லிய கம்பி, திரையில் சரியாகத் தெரியாது. அதற்குத்தானே நான் இருக்கிறேன்?

டிரோன் மேலே ஏறிற்று. வாசல் காவலாளி மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அந்தக் காலத்துல நீங்க பெல்ட்டே இல்லாம கோபுரம் ஏறுவீங்களாமே? நெசமா?"

உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, அந்த மனுஷன் இதைக் கேட்டார்.

"யாரு சொன்னா?" என்று திரும்பினேன். திரும்பியவன் திரும்பியவன்தான். மழை பிடித்துக்கொண்ட கோபுரம், கழன்று விழுந்த பெயிண்ட் டப்பா, கீழே நின்ற மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்தது, எல்லாம் சொன்னேன். மேஸ்திரி அழுத இடத்தை நடித்துக்கூடக் காட்டினேன். காவலாளி வாயைப் பிளந்தார். அந்த நேரத்தில்தான் மேலே 'டிக்' என்று ஒரு சத்தம்.

டிரோன் தள்ளாடி நிமிர்ந்தது. மருமகள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அதைக் காலி இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினாள். யாருக்கும் காயமில்லை. ஒரு இறக்கையின் நுனியில் நகக்கண் அளவு உடைந்திருந்தது.

"இதென்ன பெரிய விஷயம்! இறக்கையை மாத்திடலாம்மா, ரெண்டு நிமிஷ வேலை," என்றேன்.

"மாத்தலாம் மாமா. கம்பியில பட்டிருக்கு, மூணு நாளைக்குள்ள உரிமம் குடுத்த ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும். பதிவேட்டக் குடுங்க, மொதல்ல அதுல எழுதுறேன்."

"நான் எழுதிக்கிறேன், நீ தண்ணி குடி."

"குடுங்க மாமா."

பதிவேடு இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்தேன். பிரித்தாள், படித்தாள், இன்னும் ஒரு வரி கீழே போனாள்.

"இன்னைக்கு சம்பவம் எதுவும் இல்லைன்னு ஏற்கெனவே எழுதியிருக்கே?"

நான் செருப்பைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காத்து எட்டு கிலோமீட்டராம். நாளன்னைக்கும் எட்டாம். காத்துகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

காவலாளி களுக்கென்று சிரித்துவிட்டு, கேட்டில் ஏதோ வேலை இருப்பதுபோல் நழுவினார்.

பழைய பக்கங்களைப் புரட்டியபோது அவள் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. எல்லாப் பக்கத்திலும் எட்டு. எல்லாப் பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்து.

"பொய்ப் பதிவுல பைலட் கையெழுத்து இருந்தா உரிமத்தப் பிடுங்கிடுவாங்க மாமா," என்றாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "நான் எழுதிக் குடுத்தா மாமனாரக் காட்டிக் குடுத்தவள்னு ஆயிடும். எழுதலைன்னா நானும் உடந்தை. நீங்களே எழுதுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்."

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் தப்பு முழுக்கக் காற்றுடையது: திடீரென்று வீசியது. இரண்டாவது தாளில் கம்பியுடையது: துருப்பிடித்து வானத்தின் நிறத்தில் இருந்தது. மூன்றாவதில் காவலாளியை மாட்டிவிட்டேன். மனைவி மூன்றையும் வாங்கிப் படித்தாள்.

"துருப்பிடிச்சா வானத்து கலர்லயா இருக்கும்? அது சரி, இந்த மூணுலயும் நீங்க எங்க இருக்கீங்க? அன்னைக்கு வேலைக்கே போகலியா?"

"நான்தான் எழுதுறேன்ல!"

"எழுதுறீங்க. அதுக்குள்ள இல்ல. அந்தப் பொண்ணு புள்ளையத் தூங்க வச்சிட்டும் அந்தச் சமையக்கட்டு மேடைகிட்ட நின்னுக்கிட்டே படிச்சா. கால் வீங்கிக் கெடந்தது எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. ரிசல்ட் வந்த அன்று எல்லோரிடமும், இந்தப் படிப்பு என் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

நான்காவது தாளில் நான்கு வரிதான். பறக்கும் நேரத்தில் நான் காவலாளியிடம் என் பழைய பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். டிரோனைப் பார்க்கவில்லை. இந்த வருடப் பதிவு முழுவதையும் வாராவாரம் முன்கூட்டியே எழுதியவன் நான். பைலட்டுக்கு இது தெரியாது. நான்கு தாளிலும் மிகச் சிறியது இது. அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார், பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "இதுல காத்து எப்பவும் எட்டா இருக்கே, அது எப்படி?" என்று கேட்டார்.

"எட்டு எனக்கு நல்லா எழுத வரும் சார்."

அவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "பைலட்டுக்குத் தெரியாதுங்கிறது நெசமா?"

"நெசம் சார். என்னை நம்பினது ஒண்ணுதான் அவ செஞ்ச தப்பு."

"அதுவும் தப்புதாம்மா," என்றார் அவளைப் பார்த்து. "படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

அவள் தலையாட்டினாள். மேசைக்குக் கீழே கைக்குட்டையை அவள் முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

நாங்களாகவே கெடுவுக்குள் வந்து சொன்னதால் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. உரிமம் தப்பித்தது. எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை. மறுபயிற்சி, அதன் முடிவில் எழுத்துத் தேர்வு. அந்த மாதம் மருமகள் வேறொரு பார்வையாளரைக் கூப்பிட்டுக்கொண்டாள். "அவரு வாயே தெறக்க மாட்டாரு மாமா, தங்கமான மனுஷன்," என்று தினமும் வந்து புகழ்ந்தாள். வேண்டுமென்றேதான் புகழ்ந்தாள். அந்தக் கடுப்பிலேயே படித்தேன். அறுபத்து மூன்று வயதில், என் பெயருக்குப் பிறகும் எழுதினேன். இருபதுக்குப் பதினேழு. அந்தத் தாள் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

பாதியில் விட்ட வேலையை முடிக்கப் போன வாரம் அதே தொழிற்சாலைக்குப் போனோம். டிரோன் ஏறியது. பக்கத்தில் செருப்புச் சத்தம்.

"அண்ணே, இன்னைக்கு எங்க சூப்பர்வைசரையும் கூட்டியாந்திருக்கேன். அந்த மேஸ்திரி அழுத கதையக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் அண்ணாந்தபடியே நின்றேன்.

"பெல்ட் இல்லாமலே ஏறுவாரு சார் இவரு."

"சும்மா கதை விடாதய்யா," என்றார் சூப்பர்வைசர். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா?"

நெஞ்சுக்குள் முப்பத்தொரு வருடமும் ஒன்றாக எழுந்து தொண்டைவரை வந்தன.

"கம்பி," என்றேன்.

டிரோன் நின்று, விலகி, புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பதினெட்டு நிமிடம். அது தரையைத் தொட்டதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆவலாகத் திரும்பினேன். இருவரும் எப்போதோ போயிருந்தார்கள்.

வண்டியின் பானெட் சுட்டது. அதன்மேல் பதிவேட்டை வைத்து எழுதினேன்; கோழி கிளறியது மாதிரி இருந்தது. காற்று: பதினான்கு. சம்பவம்: எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்தது சாதாரணச் சம்பவம் இல்லை; ஆனால் அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. மருமகள் வாங்கி, வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.