முத்தாலம்மாளின் வீனஸ்

செம்பாக்கத்தில் ஜெனி நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் நானும் முத்தாலம்மாளும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், பொழுது போகவில்லை. அவர் ஏரிக்குப் பக்கத்தில் இருபது வருடமாக மீன் விற்பவர், பொழுதே கிடைக்காதவர். இருந்தும் என்னைவிட நன்றாக வரைந்தார். எனக்கு வயிறு எரிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் வண்ணம் பழக ஜெனி எங்களுக்குக் கொடுத்தது ஒரு பழைய பிரெஞ்சுப் படம், ரொகோகோ என்னும் அலங்காரப் பாணி. கடல் நுரையில் காதல் தெய்வம் வீனஸ் சாய்ந்திருக்கிறாள். மேலே இறக்கை முளைத்த கொழுகொழு குழந்தைகள், காலடியில் டால்பின்கள். அதை அப்படியே நகலெடுக்க வேண்டும்.

முத்தாலம்மாள் வீனஸைக் கண்டுகொள்ளவேயில்லை. டால்பினைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி செதில் போட்டு வச்சிகீறான்! கடலாண்டயே போனதில்ல போல."

"நகல்னா இருக்கிற மாதிரிதான் போடணும், அக்கா" என்றார் ஜெனி. முத்தாலம்மாள் முனகிக்கொண்டே செதிலைப் போட்டார்.

தோலில்தான் மாட்டிக்கொண்டோம். என் வீனஸுக்கு மஞ்சள் காமாலை. அவருடையவள் செங்கல் நிறம். மூன்று முறை கத்தியால் சுரண்டி எடுத்தார். போதாக்குறைக்குக் கணவர் மாணிக்கவேல், "டீச்சரம்மா வரையும், நீ பேரு எழுதிக்குவ, அதானே?" என்று கேட்டுவிட்டாராம்.

"என் கையால போட்டதுன்னு அந்தாளு வாயால சொல்லணும் சார். அது போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு என் பொறாமை கொஞ்சம் வெட்கப்பட்டது.

அடுத்த வாரம் செல்போனை நீட்டினார். திரையில் வஞ்சிர மீனின் வயிறு. சைவம் சாப்பிடும் எனக்கு அது தேவையா?

"வெள்ளைன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். நல்லாப் பாரு, நீலம் கீது, பச்ச கீது, மேல லேசா ரோஸு."

முதலில் நீலச் சாம்பல் நிறத்தை மெல்லப் பூசி, அதன்மேல் ரோஜா நிறத்தை இழைத்தார். வீனஸுக்கு உயிர் வந்தது. எங்கள் வகுப்பின் ஓவியக் கண்காட்சிக்கு முந்தின நாள்வரை அவள் தோளைத் தொட்டுத் தொட்டுத் திருத்தினார். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். அதனால் ஜெனி படத்தின் அடியில் "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினார்.

கண்காட்சிக்கு மாணிக்கவேல் வெள்ளைச் சட்டையில் வந்தார். படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரிண்ட் எடுத்து ஒட்டிகீறியா?"

நாள்பட்ட மீனா என்று கேட்டால் முத்தாலம்மாளுக்கு எப்படிக் கோபம் வருமோ, அப்படியே வந்தது. வாயும் பழக்கத்தில் மீன் வாங்க வருபவர்களிடம் சொல்வதையே சொன்னது.

"அமுக்கிப் பாருய்யா! நல்லா அமுக்கிப் பாரு!"

அவரும் அமுக்கினார். "ஐயோ!" என்று ஜெனி கத்தினார். வீனஸின் தோளில் கட்டைவிரல் பதிந்துவிட்டது. முத்தாலம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாணிக்கவேல் விரலைப் பார்த்தார். முகர்ந்தார். விரல் முழுக்க ரோஜா நிறம்.

"அக்கா, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்" என்று ஜெனி தூரிகையை எடுத்தார்.

முத்தாலம்மாள் தடுத்தார். கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ கட்டைவிரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாத்தியா சார், ஈரங்கூட காயல. என் வூட்டுக்காரி போட்டது."

பிறகு அடுத்த ஆளிடம் போனார். ஹாலில் ஒருவரையும் விடவில்லை.